மெஷினுக்கு நெற்றி எது?

எங்கள் பம்ப் கம்பெனியின் ஸ்டோர் ரூமில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் மூன்று அளவு போல்ட்டுகள் கலந்து கிடக்கும். ஜூன் மாதம் பிறந்து, இன்ஜினியரிங் காலேஜ்களிலிருந்து இன்டர்ன்ஷிப் என்று பிள்ளைகள் வந்து இறங்கியதும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும், ரொம்ப அவசரம் என்பேன். நான்கு நாள் ஓடிவிடும். அவர்கள் போன பிறகு மூன்று டப்பாவையும் பெட்டியில் கொட்டி, ஒரு கிளறு கிளறி, அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்துவிடுவேன். ஆறு வருடமாக அதே போல்ட்டுகள்தான். அதில் ஒன்றுகூட இதுவரை எந்தப் பம்ப்பிலும் ஏறியதில்லை.

என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். பெயர் கதிர்வேல். கணபதியில் இருக்கும் இந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக சூப்பர்வைசர். ஊர் தொண்டாமுத்தூர். எங்கள் தென்னந்தோப்புக்குள் யானை வந்து போனால், எதையெல்லாம் முறித்தது என்பது விடிந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். இன்டர்ன்ஷிப் பிள்ளைகளும் எனக்கு அப்படித்தான். ஒருத்தன் லேத்தை இறுக்கிய சாவியைக் கழற்றாமல் அதிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டான். அது பறந்து போய் சாமி படத்தை உடைத்தது. காலேஜுக்கு வேண்டியது ஒரு சான்றிதழ், எனக்கு வேண்டியது நிம்மதி. போல்ட் பிரிப்பது, அது முடிந்தால் தரையில் மஞ்சள் கோடு அடிப்பது, அதுவும் முடிந்தால் பழைய ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இந்த மூன்றிலேயே ஆறு வாரம் கழிந்துவிடும்.

இந்த வருடம் ரூபினா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண். அப்பா அப்துல் கையூம் டவுன்ஹால் பக்கம் தராசு ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். வந்த அன்றே பெட்டியைக் காட்டினேன். மறுநாள் மத்தியானம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து நின்றாள். கையில் எண்ணெய் ஊறிய ஒரு துண்டுச் சீட்டு.

"சார், இது பெட்டிக்கு அடியில கெடந்துச்சுங்க."

வாங்கிப் படித்தேன். 'இந்த போல்ட்டுகளை நாங்கள் 2022-லேயே பிரித்துவிட்டோம். இது பற்றிக் கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார், நம்ப வேண்டாம். இப்படிக்கு, முகமது ரியாஸ்.'

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் சீட்டில் எழுதியிருந்தது உறைத்தது. அவள் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க காலேஜுல இந்த வருஷம் மாத்திட்டாங்க சார். சும்மா வந்து போனேன்னு சான்றிதழ் குடுத்தா செல்லாதுங்க. கம்பெனியில இருக்கற ஒரு பிரச்சினையை எடுத்து, காரணத்தைக் கண்டுபிடிச்சு, ஓனர்கிட்ட விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கோணும். இல்லீன்னா அடுத்த ஜூன்ல மறுபடியும் வரணுமுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப மறுபடியும் இதே போல்ட்டுத்தானுங்களா சார்?" என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து கோடு அடித்தாள். குறை சொல்ல முடியாத கோடு. அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. மூன்றாவது வாரம் பழுது ரிஜிஸ்டரைத் தூக்கி அவள் மேஜையில் போட்டேன். எந்த மெஷின் என்றைக்கு நின்றது என்று எழுதி வைக்கும் தடித்த நோட்டு. "இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்து அம்மணி, அதுலயே உனக்கு ஒரு பிரச்சினை கெடைக்கும்" என்றேன், அவள் தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட நாள் அது.

எங்கள் கம்பெனியில் பிரச்சினை என்றால் ஒன்றுதான்: புது பிரஸ். பம்ப் தண்டில் பேரிங்கை அழுத்தி ஏற்றுகிற மெஷின். போன வருடம் வாங்கினோம். பழைய மெஷின்கள் எருமை மாதிரி, அடித்தாலும் போகும், அடிக்காவிட்டாலும் போகும். இது அப்படியில்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு நாள் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடும். ஒரு தடவை அழுத்தும், நான்கு தடவை மறுக்கும். இரண்டு மூன்று நாள் ஆட்டம் காட்டும்.

சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வருவார். அவர் வருகிறார் என்றால் நாங்கள் சும்மா இருப்போமா? டீசல் நனைத்த துணியால் மெஷினை மேலிருந்து கீழ் வரை துடைத்துப் பளபளவென்று வைத்திருப்போம். அவர் வந்து ஸ்விட்சைப் போடுவார், மெஷின் குதிரையாக ஓடும். "இதுல ஒரு கோளாறும் இல்லையே" என்பார். மதியம் சாப்பாடு போட்டு அனுப்பி வைப்போம். அடுத்த மாதம் மறுபடி நிற்கும்.

மூன்றாவது தடவை நின்றபோது நான் முதலாளியிடம் போய், "ஓட்டறவன் கைராசி சரியில்லீங்க" என்றேன். ஓட்டிக்கொண்டிருந்தவன் சென்னகேசவன். பிரஸ் ஓட்டுவதில் அவனைப் போல ஆள் கிடையாது, அது எனக்கே தெரியும். ஆனாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும். அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை. அன்றோடு அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் போன பிறகும் மெஷின் நின்றது. பழைய கைபட்ட தோஷம் இன்னும் போகவில்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

ரிஜிஸ்டரைக் கொடுத்து ஐந்து நாள் ஆனது. ரூபினா என் அறைக்குள் வந்து, சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை முன்னும் பின்னும் புரட்டினாள். 'சார்' போய் அதற்குள் 'அண்ணா' ஆகியிருந்தேன்.

"அண்ணா, இந்த மெஷின் ஒவ்வொரு தடவையும் அமாவாசைக்கு மறுநாள் மட்டும் ஏனுங்க நிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. அமாவாசை எங்களுக்கு நிறைந்த நாள். மாதா மாதம் அன்றைக்கு மத்தியானத்தோடு வேலையை நிறுத்தி, எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவோம். பொட்டு வைப்பது இருபத்திரண்டு வருடமாக என் கை. அதில் எனக்கு ஒரு முறை உண்டு. மெஷின் என்றாலும் அதற்கும் முகம் இருக்கிறது, நெற்றி இருக்கிறது. கண்ட இடத்தில் அப்பிவிட்டுப் போகக் கூடாது. லேத்துக்கு நெற்றி எது, டிரில்லிங் மெஷினுக்கு நெற்றி எது என்று பார்த்துப் பார்த்து வைப்பேன். புது பிரஸ்ஸைப் பொறுத்தவரை அந்தக் கஷ்டமே இல்லை. முன்பக்கம், நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடிச் சில்லு. பொட்டு வைக்கவென்றே செய்து அனுப்பியது போல இருக்கும்.

"அமாவாசையைப் பத்தி உனக்கு என்ன தெரியும் அம்மணி? அது நல்ல நாளு. நின்னா, பூசை பத்தலைன்னு அர்த்தம்" என்றேன்.

"அப்படீங்களா" என்று போய்விட்டாள். ஆனால் அவள் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை ஆடி அமாவாசை வந்தது. பூசை பத்தலை என்று நானே சொல்லிவிட்டதால் விடுவேனா? பிரஸ்ஸுக்கு மட்டும் தனி மாலை, தனி எலுமிச்சம்பழம். சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து, கண்ணாடிச் சில்லு முழுக்க நிரப்பி, அதன் மேல் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ரூபினா ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தாள். பொங்கல் கொடுத்தபோது இரண்டு தொன்னை வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்விட்சைப் போட்டால், மெஷின் ஒரு தடவைகூட அசையவில்லை. இதுவரை ஆட்டமாவது காட்டியது, இந்த முறை அதுவும் இல்லை. முதலாளி திருமூர்த்தி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பத்து நாளில் தாராபுரத்துக்கு முந்நூறு பம்ப் அனுப்ப வேண்டியிருந்தது. "இன்ஜினியரை வரச் சொல்றேன். சரி வரலைன்னா மெஷினைத் திருப்பி அனுப்பீருவோம் கதிர்வேலு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் டீசல் துணிக்கு ஆள் அனுப்பினேன். ரூபினா குறுக்கே வந்தாள்.

"இப்ப வேண்டாமுங்க அண்ணா, கழுவாதீங்க."

"ஒறம்பரைன்னு விருந்தாளி வர்றப்ப ஊட்டைக் கூட்டாம இருப்பாங்களா? போயிட்டு வா அம்மணி" என்று அதட்டிவிட்டு, தலைச்சூடு தணியட்டும் என்று குழாயடிக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவினேன். துண்டால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து கண்ணாடியை மாட்டினேன்.

உலகம் பாதி சிவப்பாக இருந்தது, மீதி தெரியவே இல்லை. இரண்டடி வைத்தேன், முழங்காலில் ஸ்டூல் இடித்தது.

"யார்ரா அது, என்ற கண்ணாடியில கை வெச்சது?"

"நானுங்க." ரூபினாவின் குரல் பக்கத்திலேயே கேட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு சில்லிலும் நடுவாக, அளவாக, சந்தனமும் குங்குமமும். என்னைவிடச் சுத்தமாக வைத்திருந்தாள்.

"ஏனுங்க அண்ணா, நடக்க முடியலீங்களா?"

"கண்ணு தெரியாம எப்படி நடக்கறது? கூறு கெட்டுப் போச்சா உனக்கு?"

"கண்ணை மறைச்சா நீங்களே நின்னுபோறீங்க. அதுவும் அப்படித்தானுங்க நிக்குது."

அவள் பிரஸ்ஸின் நெற்றியைக் காட்டினாள். அப்போது அவள் சொன்னதை இன்றைக்கும் வரி மாறாமல் சொல்வேன். அது நெற்றி இல்லையாம், கண்ணாம். ஓட்டுகிறவன் கை உள்ளே இருக்கிறதா என்று அந்தச் சில்லு வழியாகத்தான் மெஷின் பார்க்கிறதாம். எதுவும் தெரியாவிட்டால் கை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நின்றுவிடுமாம். சந்தனம் காய்ந்து உதிர உதிரக் கொஞ்சம் ஓடும். இன்ஜினியருக்காக நாம் கழுவினால் முழுசாக ஓடும். அடுத்த அமாவாசைக்கு மறுபடி நிற்கும்.

"நீங்களே தொடச்சுப் பாருங்க அண்ணா. நான் பொட்டுல கை வெக்க மாட்டேனுங்க" என்றாள். துண்டின் நுனியால் துடைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு பேரிங்கை வைத்து அழுத்தினோம், ஏறியது. பத்து வைத்தோம், பத்தும் ஏறின.

எனக்கு அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் எல்லா மெஷினுக்கும் முகம் பார்த்தவன், கண்ணுக்கும் நெற்றிக்கும் வித்தியாசம் தெரியாமல் போனேனே என்று இருந்தது. அதைவிட, பேக்கிங் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியவில்லை. கேசவன் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உனக்குக் காரணம் கெடைச்சுருச்சு. நாளைக்கு மொதலாளிகிட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்க" என்றேன். குரலில் சுரத்தே இல்லை.

"நான் சொல்ல மாட்டேனுங்க."

"ஏன்?"

"என்ற பேரு ரூபினாங்க அண்ணா. நான் போயி குங்குமத்தாலதான் மெஷின் நின்னுச்சுன்னு சொன்னா, கேக்கறவங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர்கிட்டச் சொல்லி, அது எங்கெங்கயோ போயிருமுங்க. மெஷினு ஓடும், ஊரு நின்னுபோயிரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "காரணம்னு இருக்கற எடத்தை வெறுமனே உட்டர்றேன். தீர்வு மட்டும் காட்டறேனுங்க."

"அப்படி உட்டாக் கையெழுத்துப் போடுவாங்களா?"

"பாக்கலாமுங்க" என்றாள். எங்கள் ஊரில் பாக்கலாமுங்க என்றால் நடக்காது என்று அர்த்தம், அது அவளுக்கும் தெரியும். பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு பிரஸ் பக்கம் போனாள்.

அன்றைக்கு வீடு போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. இனிமேல் அந்த இடத்தில் பொட்டு வைக்காமல் விட்டுவிடலாம். மெஷின் தானாகச் சரியாகிவிட்டது, ஆடி அமாவாசைப் பூசை பலித்துவிட்டது என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லப்போனால் பெயர் இன்னும் கூடும். அவளுக்குத்தான் ஒரு வருடம் போகும். கேசவன் லேபிள் ஒட்டிக்கொண்டே இருப்பான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி அறை. அவர், நான், ரூபினா மூன்று பேர்தான். சுவரில் கேமரா டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கட்டத்தில் கேட்டுக்குரிய கட்டம் மட்டும் எப்போதும் போல இருண்டு கிடந்தது. அந்தக் கேமரா மாட்டியவனை முதலாளி பல மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். அன்றும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ரூபினா லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். எந்த மெஷின், எத்தனை தடவை நின்றது, எத்தனை நாள் வீணானது, எல்லாம் வரிசையாக வந்தது. அடுத்த பக்கத்தில் 'காரணம்' என்று தலைப்பு, கீழே வெறும் வெள்ளை. அதற்கடுத்து 'தீர்வு': பிரஸ்ஸின் கண்ணாடிச் சில்லுக்கு இரண்டு அங்குலம் கீழே, கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம். அதுதான் இனிப் பொட்டு வைக்க வேண்டிய நெற்றி என்று எனக்கு மட்டும் புரிந்தது.

"ஏனுங்க அம்மணி, தீர்வு இருக்குது, காரணத்தைக் காணோமே?" என்றார் முதலாளி.

"காரணம் இருக்குதுங்க சார். அதை நான் சொன்னா நல்லா இருக்காதுங்க."

"காரணந் தெரியாம நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? நாளைக்கு உங்க காலேஜுல கேட்டா என்ன சொல்லுவேன்?" பேனாவை மூடி வைத்தார்.

"சரிங்க சார்" என்று அவள் லேப்டாப்பை மூடத் தொடங்கினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கம்மென்று இருந்திருப்பேன். ஆறு வாரத்தில் நான் அவளுக்குக் கொடுத்த வேலை போல்ட்டும் பெயிண்டும்தான். அந்தப் பெயிண்டை வைத்தே என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாள்.

"காரணம் நானுங்க" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார்.

"அந்தச் சில்லுத்தான் மெஷினுக்குக் கண்ணுங்க. அமாவாசைக்கு அமாவாசை அதுமேல பொட்டு வெச்சு நாந்தான் மறைச்சுப்போட்டேன். சாமி குத்தமும் இல்லை, மெஷின் குத்தமும் இல்லீங்க. எடம் தெரியாம வெச்சது என்ற குத்தம். அதைத் தெரிஞ்சுக்காம கேசவன் கைராசி சரியில்லைன்னு வேற சொல்லிப்போட்டேனுங்க. அவன் கையில ஒரு குறையும் இல்லை."

முதலாளி போனை எடுத்துக் கேசவனை வரச் சொன்னார். விரலில் ஒட்டிய லேபிளோடு வந்து நின்றான். சொன்னதையெல்லாம் அவன் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது.

கேசவன் விரலிலிருந்த லேபிளை உரித்துக்கொண்டே இருந்தான். "ஒம்பது மாசமுங்க அண்ணா. என்ற பையன் கேக்கறான், அப்பா உன்ற கையில என்ன இருக்குதுன்னு." அவ்வளவுதான் சொன்னான். பிறகு முதலாளியிடம், "திங்கக்கெழமை பிரஸ்ஸுக்கு வாரேனுங்க" என்றான். கேட்கவில்லை, சொன்னான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உருவிக்கொள்வான் என்று பயந்தேன், உருவவில்லை.

முதலாளி பேனாவைத் திறந்தார். சான்றிதழில் பேனா முனையை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். தலையைத் தூக்கிச் சுவரிலிருந்த டிவியைப் பார்த்தார். அந்த இருண்ட கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருண்ட கட்டம் கலங்கியது, கொஞ்சம் சிவந்தது, பிறகு பளிச்சென்று வெளுத்தது. பல மாதம் கழித்து எங்கள் கேட் தெரிந்தது. அதற்கு முன்னால் முதலாளியின் முகம், ரொம்பக் கிட்டத்தில், மூக்கு பெரிதாக. போன ஆயுத பூசைக்கு அந்தக் கேமராவுக்குப் பொட்டு வைத்தது யார் என்று எனக்கு நினைவு வந்தது. கேமராவுக்கு மட்டும் தானே வைப்பதாக அடம்பிடித்து நாற்காலியில் ஏறியவர் அவர்தான்.

திரும்பி வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து கையெழுத்தைப் போட்டார். போட்ட கையோடு அவர் கட்டைவிரல் சான்றிதழில் பட்டு, கையெழுத்துக்குப் பக்கத்தில் குங்குமமாக ஒரு ரேகை விழுந்தது. ரூபினா கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மணி, அந்த மஞ்சப் பெயிண்டு கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்களா?"